நூற்றுப் பன்னிரண்டாவது படம்

மார்ச் 4, செவ்வாய்

பிரிண்டர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் கிடையாது. ஒரு பிரிண்டர், காகிதக் கட்டுகள், கால் உடைந்த நாற்காலி இரண்டு, நான்.

என் வாய்தான் காரணம். போன வாரம் ஆஸ்பத்திரி நிர்வாகியை உட்காரவைத்து நாங்கள் செய்துகொண்டிருக்கும் வலைத்தளத்தைக் காட்டினோம். டாக்டரைப் பார்க்க நேரம் பதிவதற்கு ஒன்பது பக்கம் தாண்ட வேண்டும். "ஒன்பதாவது பக்கம் வர்றதுக்குள்ள நோயாளிக்குத் தானாவே குணமாயிடும்" என்றேன். நிர்வாகி அம்மா சிரிக்கவில்லை. எங்கள் மேனேஜர் சிரித்தார். அது இன்னும் மோசம்.

மேனேஜருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மூணு. எதைச் சொன்னாலும் மூன்று விரலை நீட்டி "மூணு விஷயம்" என்றுதான் ஆரம்பிப்பார். இரண்டோடு நின்றுவிடும். மூன்றாவது விஷயத்தைக் கேட்டவர் இந்த அலுவலகத்தில் ஒருவரும் இல்லை.

"மூணு விஷயம். ஒண்ணு, இனி கஸ்டமர் முன்னாடி நீ வாயைத் திறக்காத. ரெண்டு, கண் தெரியாதவங்களும் இந்த சைட்டைப் பயன்படுத்தணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. அதை நீ ஒருத்தனே உக்காந்து முடி." போன் வந்தது. போய்விட்டார்.

ஆக, தண்டனை இதுதான்: 214 படங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரி எழுத வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அந்த வரி தெரியாது. பார்வை இல்லாதவர்கள் கணினியில் திரைவாசிப்பான் வைத்திருப்பார்கள். அது பக்கத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போகும், படம் வந்தால் இந்த வரியைச் சொல்லும். விளக்கவரி. அப்புறம் பட்டன்கள், படிவம், நேரம் தேர்ந்தெடுக்கும் கட்டம்.

மூன்று வாரம் கொடுத்திருக்கிறார். இரண்டில் முடிப்பேன். என்ன பெரிய வேலை?

மார்ச் 5, புதன்

பிரிண்டர் இன்று நாற்பது தடவை சத்தம் போட்டது. நான் இரண்டு தடவை.

மார்ச் 6, வியாழன்

ஒன்று கண்டுபிடித்தேன். சரிபார்ப்பதற்கு ஒரு செக்கர் இருக்கிறது, பக்கத்தைக் கொடுத்தால் நூற்றுக்கு மதிப்பெண் போடும். படத்துக்கு விளக்கவரி இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. "அஆஇஈ" என்று எழுதினேன். பாஸ்.

சரி, இப்போதைக்கு எதையாவது போட்டு நிரப்புவோம், வெளியிடும் முன் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். படம் 1, படம் 2, படம் 3. பதினேழுக்கு வந்ததும் அலுத்துப்போனது. அதில் ஒரு டாக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். எழுதினேன்: "டாக்டர். இவர் இந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்யவில்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை செய்யவில்லை. சிரிப்பு வாடகைக்கு."

நானே சிரித்துவிட்டேன். இந்த அறையில் முதல் சிரிப்பு.

31: "காத்திருக்கும் பெண். பக்கத்து நாற்காலி காலி. பழகிவிடும் அம்மா."

58: "நீல வானம். மூட்டுவலிப் பிரிவுக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம், தெரிந்தவர்கள் சொல்லவும்."

மார்ச் 7, வெள்ளி

காலை எட்டேகால் பேருந்து. இடப்பக்கச் சன்னலோரம் என் இடம். பக்கத்தில் பையை வைத்திருந்தேன். கோட்டு போட்ட ஒருவர் "ஆள் வராங்களா?" என்று கேட்டார். "இல்ல" என்று பையை எடுத்தேன்.

இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னதே இல்லை. சில நாள் மத்தியானம் வரை நான் பேசும் ஒரே சொல்லும் அதுதான்.

மார்ச் 10, திங்கள்

ஞாயிறு அக்கா கூப்பிடவில்லை. சின்னவளுக்குக் காய்ச்சலாம், மெசேஜ் மட்டும். துணி துவைத்தேன். முட்டை வேகவைத்தேன். எதிர்வீட்டு வாசலில் நான்கு ஜோடி செருப்பு கிடந்தது, உள்ளே சிரிப்புச் சத்தம்.

இன்று காலை லிஃப்டில் "எத்தனாவது மாடி?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. கனைத்துக்கொண்டுதான் "அஞ்சு" என்றேன். அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

படம் 112. ஒரு குடும்பம், நான்கு பேர், டாக்டரின் மேசைக்கு முன்னால். எழுதினேன்: "நான்கு பேர். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்கள். வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து திங்கள் காலை ஒன்பது வரை நான் ஒருவரிடமும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அறுபத்துமூன்று மணிநேரம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது."

செக்கர்: பாஸ்.

மார்ச் 12, புதன்

நேரம் பதியும் பக்கம் முடிந்தது. ஒரு காரியம் அழகாக வந்திருக்கிறது, எழுதிவைக்கிறேன். 'உறுதி செய்' பட்டனை அழுத்தினால் திரைவாசிப்பான் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தின் தலைக்குப் போய் நின்றுகொண்டிருந்தது. அதைக் கீழே இருக்கும் தொகுப்புப் பெட்டிக்குத் தாவவைத்தேன். பெயர், பிரிவு, நாள், நேரம் எல்லாம் வரிசையாகப் படிக்கும். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தது.

செக்கர்: நூற்றுக்கு நூறு. மூணுவிடம் காட்டினேன். "சூப்பர்" என்றார், திரையைப் பார்க்காமல்.

மார்ச் 14, வெள்ளி

"மூணு விஷயம். ஒண்ணு, திங்கக்கிழமையே வெளியிடணும்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. போன்ல பதியுறதை அன்னிக்கோட நிறுத்துறாங்களாம், இனி எல்லாம் சைட்டுலதான். ரெண்டு, உன் பங்கு ரெடிதானே?"

செக்கரில் நூறு வாங்கியிருக்கிறேனே. "ரெடி" என்றேன்.

விளக்கவரிகளை மாற்றணும்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா கூப்பிட்டாள்.

"டேய், உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"சாப்பிட்டியா?"

"ம்."

"உன்கிட்ட பேசுறதுக்கு சுவத்துகிட்ட பேசலாம்டா. அதுவாவது எதிரொலிக்கும். அப்பா பக்கத்துலதான் இருக்கார், குடுக்கவா?"

"வேணாம்."

"அவரும் அதையேதான் சொன்னார். நல்லா பெத்து நல்லா வளர்ந்திருக்கீங்க ரெண்டு பேரும்."

வைத்த பிறகு நெடுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். 214 வரி மாற்ற இன்று முழுநாளும் இருந்தது. மாற்றவில்லை. உட்கார மனமில்லை. யார் கேட்கப்போகிறார்கள்?

மார்ச் 17, திங்கள்

வெளியிட்டாயிற்று. கூடத்தில் கேக் வெட்டினார்களாம். கைதட்டும் சத்தம் கேட்டு எட்டிப்பார்ப்பதற்குள் அட்டைப்பெட்டிதான் மிச்சம்.

வரிகளை நாளைக்கு மாற்றணும்.

மார்ச் 19, புதன்

நாளைக்கு.

மார்ச் 26, புதன்

வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். அறை மட்டும் அதேதான்.

மார்ச் 31, திங்கள்

புகார் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஒருவர் அனுப்பி, அங்கிருந்து மூணுவுக்கு, மூணுவிடமிருந்து எனக்கு. "மூணு பக்கம் எழுதியிருக்கான்யா மனுஷன். மொதப் பக்கம் படிச்சேன், தலை சுத்துது. வழக்கமான பதில் ஒண்ணு போட்டு விட்டுரு" என்றார்.

முதல் பக்கம்: தான் பார்வையற்றவர். வானொலியில் ஒலித்தொகுப்பு செய்பவர். மார்ச் 18 காலை எழுந்தபோது வலது காது கேட்கவில்லை. அன்றே எங்கள் தளத்தில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வியாழன் 20, பத்து இருபதுக்குப் பதிந்தார். போனார். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். பட்டியலில் பெயரே இல்லை. "சைட்டுல திரும்பப் போடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் பக்கம்: திரும்பப் பதிந்தார். வியாழன் 27. திரும்பப் போனார். திரும்பப் பெயர் இல்லை. எந்தப் பட்டனை எத்தனை மணிக்கு அழுத்தினார், வாசிப்பான் என்ன சொன்னது, எல்லாவற்றையும் நிமிட வாரியாக எழுதியிருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் ஒருவன்கூட இவ்வளவு சுத்தமாகப் பிழை எழுத மாட்டான்.

மூன்றாம் பக்கம். அப்படியே எழுதுகிறேன்.

"கூடுதலாக ஒன்று. இத்தளத்தின் படங்களுக்கு எழுதப்பட்டுள்ள விளக்கங்களை ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டே கேட்டேன். அவை குறித்து எனக்குப் புகார் இல்லை. 112ஆம் படத்துக்கு எழுதியவர் நலமாக இருக்கிறாரா என்று அறிய விரும்புகிறேன்."

கீழே பெயர், போன் எண்.

பிரிண்டரை அணைத்தேன். ஏன் அணைத்தேன்?

ஏப்ரல் 1, செவ்வாய்

காலை எட்டரைக்கே வந்து 214 வரிகளையும் அழித்துவிட்டு, "டாக்டர்", "செவிலியர்", "கட்டடம்" என்று போட்டேன். நாற்பது நிமிடம். பதினைந்து நாளாகச் செய்ய முடியாத வேலை. மாட்டிக்கொள்வேன் என்றதும் விரல் என்னமாய் ஓடுகிறது.

இனி எவனும் நிரூபிக்க முடியாது. வழக்கமான பதிலைப் போட்டால் முடிந்தது. போடவில்லை. பத்து இருபது உறுத்திக்கொண்டே இருந்தது. நூற்றுக்கு நூறு வாங்கிய பக்கம் எப்படித் தப்பும்?

மானிட்டரை அணைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிப்பானை ஓடவிட்டேன். இந்த வேலையை எடுத்து ஒரு மாதம் ஆகிறது, திரையை அணைத்து வைத்துக்கொண்டு சோதிப்பது இன்றுதான் முதல் தடவை. இதுவரை வாசிப்பான் பேசப்பேச நான் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடையை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியிருக்கிறேன்.

"பத்து மணி, பட்டன். பத்து இருபது, பட்டன். பத்து நாற்பது, பட்டன்."

பத்து இருபதை அழுத்தினேன். பேச்சில்லை. 'உறுதி செய்'. உடனே என் அழகான தாவல்: "பெயர். பிரிவு, காது மூக்கு தொண்டை. நாள், வியாழன் மூன்று." நின்றது. அப்பாடா, பதிந்துவிட்டது என்று திரையைப் போட்டேன்.

பதியவில்லை. பத்து இருபது ஏற்கெனவே நிரம்பிய நேரம். நிரம்பியதற்கு அடையாளம் சாம்பல் நிறம், அவ்வளவுதான். நிறத்தை வாசிப்பான் எப்படிச் சொல்லும்? மேலே சிவப்பில் "இந்த நேரம் நிரம்பிவிட்டது" என்று மூன்று விநாடி வந்துபோயிருக்கிறது, சத்தமே இல்லாமல். தொகுப்புப் பெட்டியில் நேரம் என்ற வரி காலி. காலியாக இருந்தால் அந்த வரியையே விட்டுவிடும்படி எழுதியது யார்? நான். காலி இடம் கண்ணில் படும். காதில் எப்படி விழும்?

அந்தத் தாவல் மட்டும் இல்லையென்றால் பதியவில்லை என்றாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். என் புத்திசாலித்தனம்தான் அவரை நம்பவைத்து இரண்டு தடவை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

போன் செய்தேன். படிக்கட்டில் நின்றுகொண்டு. மூன்று தடவை எண்ணை அழுத்தி மூன்று தடவை வைத்துவிட்டு.

"சார், அந்த ஆஸ்பத்திரி சைட்டை எழுதினவன் பேசறேன்."

"எந்தப் பாதி? பட்டனா, படமா?"

"ரெண்டும்."

"படம் நல்லா எழுதியிருக்கீங்க. பட்டனை நாசமா எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். என் தப்புதான்."

"தப்புன்னு சட்டுனு சொல்லிட்டீங்களே. நான் அரைமணி நேரம் சண்டை போடத் தயாரா உக்காந்திருந்தேன்."

நாற்பது வயதுக்குள்தான் இருக்கும் குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி, நான் மூச்சுவிடுவதைக் கேட்கிற மாதிரி. காதைப் பற்றிக் கேட்டேன்.

"என் வேலை என்ன தெரியுமா? பெரிய மனுஷங்க பேசின பேச்சுல இருமல், கனைப்பு, எச்சில் முழுங்குற சத்தம் எல்லாத்தையும் வெட்டி எடுக்கிறது. அதை ஒத்தைக் காதோட கூட ஒப்பேத்திடலாம். ரோடுதான் முடியல. நான் வேலைக்கு நடந்துதான் போவேன், ரெண்டு ரோடு தாண்டணும். வண்டி வர்றது இப்பவும் கேக்குது. எந்தப் பக்கத்துல இருந்துன்னு தெரியல. அதுக்கு ரெண்டு காதும் வேணும்."

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதா என்று கேட்டேன். காதைச் சோதிக்கிற இயந்திரம் இந்த ஊரில் அங்கே மட்டும்தானாம். காது அடைத்தால் நாள் தள்ளக் கூடாது என்று அவருடைய பழைய டாக்டர் போனிலேயே கத்தினாராம்.

பதினைந்து நாள் தள்ளியாயிற்று.

வைக்கும்போது, "112 எழுதினவர் எப்படி இருக்கார்?" என்றார்.

"பேசிட்டுத்தானே சார் இருக்கேன்" என்றேன்.

"அது பதில் இல்ல" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

காலை கட்டத்தைச் சரிசெய்து ஏற்றினேன். நிரம்பிய நேரம் இப்போது "நிரம்பியது" என்று வாயால் சொல்கிறது. எத்தனை வரி நிரல்? நான்கு. நான்கே வரி.

கட்டம் சரியாகி என்ன? காது மூக்கு தொண்டையில் பதினேழாம் தேதி வரை நேரமே இல்லை. மத்தியானம் ஆஸ்பத்திரிக்கே போனேன். வரவேற்பில் நூலில் பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கும் அம்மா. விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க நோயாளிக்கு என்ன வேணும்?"

என்ன சொல்வது? "சைட்டு செஞ்சவன்."

"ஓ, அது நீங்கதானா? ஒரு நாளைக்கு இருபது பேர் இங்க வந்து என்னைத் திட்டிட்டுப் போறாங்க. உங்க ராசியான முகத்தைப் பார்க்கணும்னு நானும் நெனச்சேன்." திட்டி முடித்துவிட்டு, நிர்வாகி நினைத்தால் இடையில் ஒரு நேரம் செருகலாம் என்றார். ஆனால் தளத்தின் பிழையால்தான் அவர் பெயர் விட்டுப்போனது என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

மூணுவிடம் போனேன். கதவைச் சாத்தினார்.

"மூணு விஷயம். ஒண்ணு, தப்புன்னு நாமளே எழுத்துல குடுத்தா ஒப்பந்தம் காலி. ரெண்டு, சரிபண்ணிட்டேல்ல? அதோட விடு."

"அவர் காது சார்."

"எனக்கு மட்டும் காது இல்லையா? கேக்குது. போய் வேலையைப் பாரு."

ஏப்ரல் 4, வெள்ளி

நானே எழுதினேன். நிர்வாகிக்கு நேராக. சுற்றிவளைக்கவில்லை: நிறத்தை மட்டும் நம்பியது, காலி வரியை விட்டது, தாவவைத்தது, திரையை அணைத்துச் சோதிக்காமலே முடிந்துவிட்டது என்று சொன்னது. எல்லாம் நான். இவருக்கு உடனே நேரம் கொடுங்கள்.

புகாரையும் இணைக்க வேண்டும். அவர் வந்துபோன தேதிகள் இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன. அதுவரை போதும். மூன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. எடுத்தேன். மூன்றில் இரண்டு மட்டும்... நானும் மூணு ஆகிவிட்டேனா?

திரும்பச் சேர்த்தேன். நேரம் 11.20. அனுப்பிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன்.

பன்னிரண்டு மணிக்குப் பதில், இரண்டே வரி. "திங்கள் காலை 9.40, அவரை வரச் சொல்லுங்கள். அந்த ஒன்பது பக்கங்களையும் குறைக்க முடியுமா என்று பாருங்கள்."

நிர்வாகி அம்மா அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஏப்ரல் 7, திங்கள்

விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கூட வரச்சொல்லிப் புகார்க்காரர் கூப்பிடவில்லை. வாசலில் நின்றேன். ஒல்லியாக, இஸ்திரி கலையாத சட்டை, வெள்ளைக்கோல். "சார்" என்றதும் திரும்பினார், எதிர்ப்பக்கமாக. பிறகுதான் இந்தப் பக்கம்.

"பார்த்தீங்களா? இதைத்தான் சொன்னேன்."

காத்திருக்கும் கூடத்தில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து ஏதோ சொன்னேன். பதிலில்லை. கோபம் என்று நினைத்தேன். சற்றுப் பொறுத்து, "பேசுனீங்களா? இடது பக்கம் வந்து உக்காருங்க. அந்தப் பக்கம் கடையை மூடியாச்சு" என்றார்.

எழுந்து மாறினேன்.

உள்ளே ஒரு மணிநேரம். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், ஊசியும் போட வேண்டும், ஒரு மாதம் பார்க்க வேண்டும். "முதல் வாரத்திலேயே வந்திருந்தால் வாய்ப்பு அதிகம்" என்று சொன்னாராம். என்னிடம் இதை அவர் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. நானும் "பரவாயில்லைன்னு சொல்லுங்க" என்று கெஞ்சவில்லை. இரண்டு பேரும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம், நான் இடப்பக்கம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூணு கூப்பிட்டார். மேசைமேல் மூன்று பக்கமும் அச்செடுத்து வைத்திருந்தது. என் அறைப் பிரிண்டரில்தான் எடுத்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

"மூணு விஷயம். ஒண்ணு, நீ செஞ்சது தப்புன்னு என்னால சொல்ல முடியல. ரெண்டு, அடுத்த கட்ட வேலையை நமக்குத் தரமாட்டோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

நிறுத்தினார். விரல் இறங்கவில்லை. போனும் வரவில்லை.

"மூணு. ஒரு மாசம் டைம் தரேன். வேற வேலை பார்த்துக்கோ."

மூன்றாவது விஷயத்தைக் கேட்ட முதல் ஆள் நான். வெளியே வரும்போது மூன்றாம் பக்கத்தைத் தொட்டுக்காட்டி, "பழைய பதிப்புல அந்த 112ஐத் தேடிப் படிச்சேன். அறுபத்துமூணு மணி நேரமாய்யா? சொல்லியிருக்கலாம்ல" என்றார். யாரிடம்?

ஏப்ரல் 15, செவ்வாய்

விளக்கவரிகளைத் திரும்ப எழுதுகிறேன். இந்தத் தடவை நிஜமாக. யாரும் சொல்லவில்லை. போகும் முன் முடிக்க வேண்டும்.

புகார்க்காரரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று போனில் பத்து வரி படித்துக் காட்டினேன். கத்தரிக்கோல் மாதிரி ஆள்.

"'இந்தப் படத்தில்'னு ஆரம்பிக்காதீங்க. படம்னு ஏற்கெனவே சொல்லிடும். வெட்டுங்க."

"'அழகான கட்டடம்'."

"அழகை வெட்டுங்க. வாசல் எந்தப் பக்கம், படி இருக்கா, சரிவு இருக்கா? அதைச் சொல்லுங்க. கட்டடத்தைக் கல்யாணமா பண்ணிக்கப்போறேன்?"

"நீல வானம்?"

"ஒண்ணும் எழுதாதீங்க. காலியா விட்டா வாசிப்பான் தாண்டிப் போயிடும். எல்லாத்துக்கும் பேசணும்னு இல்ல."

இன்று இருபத்தாறு படம். ஒரு மணிநேரம் பேசியிருக்கிறேன். போன் காட்டுகிறது: ஒரு மணி நான்கு நிமிடம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவர் வீடு என் பேருந்துப் பாதையிலேயே இருக்கிறது. நான் ஏறுகிற இடத்திலிருந்து மூன்றாவது நிறுத்தம். நடப்பதை விட்டுவிட்டு எட்டேகால் வண்டியில் வருகிறார். முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வானொலி நிலையத்தில் இறங்கினால் ஒரு ரோடு இருக்கிறது. இறங்கிக் கூடப் போனேன். "நான் கேக்கவே இல்லையே" என்றார். "நானும் சொல்லலையே" என்றேன். அலுவலகத்துக்கு இருபது நிமிடம் தாமதம். இனி என்ன செய்வார்கள், வேலையை விட்டா எடுப்பார்கள்?

ஏப்ரல் 27, ஞாயிறு

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனதையும். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"நீயாடா இவ்வளவு நேரம் பேசுனே? போன் மாறிப் போச்சோன்னு பார்த்தேன்."

"அப்பா இருக்காரா? குடு."

"...இப்பத்தான்டா வெளிய போனார்."

மே 5, திங்கள்

ஊசியெல்லாம் முடிந்து இன்று கடைசிப் பரிசோதனை. வலது காது வரவில்லை. இனி வராது.

கூடத்தில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர்தான், "மூச்சு விடுறது கேக்குது, ஆள் இருக்கீங்கன்னு தெரியுது. ஏதாவது சொல்லுங்க" என்றார்.

"தள்ளிப்போன அந்த இருபது நாள்..." என்றேன்.

"ஆமா" என்றார். அவ்வளவுதான். இல்லை என்று சொல்லவில்லை. எழுந்து போ என்றும் சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

கடைசி நாள். 213 முடிந்திருந்தது. 112ஐத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். மத்தியானம் படிக்கட்டில் நின்று அவருக்குப் படித்தேன்: "தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள். எதிரில் டாக்டர், கையில் எக்ஸ்ரே."

"போதும். சரியா இருக்கு." பிறகு, "பழசு என்கிட்ட இருக்கு. அன்னிக்கே பதிவு பண்ணிவெச்சுட்டேன்."

"அழிச்சிடுங்க சார், மானம் போகுது."

"நான் வெட்டுறவன்தான். எதை வெட்டக் கூடாதுன்னும் தெரியும்."

ஹெட்போன், டம்ளர், சட்டையில் குத்தும் அடையாள அட்டை. ஒரு பையில் அடங்கிவிட்டது. பிரிண்டரை அணைக்காமல் வந்தேன்.

மே 12, திங்கள்

போவதற்கு அலுவலகம் இல்லை. ஏழு மணிக்கே எழுந்து குளித்தேன்.

எட்டேகால் பேருந்து. இடப்பக்கச் சன்னலோரம். வலப்பக்கத்து இருக்கையில் பை. நல்ல கூட்டம். இரண்டாவது நிறுத்தத்தில் ஏறிய ஒரு அம்மா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆள் வராங்களா?"

"வராங்கம்மா" என்றேன். "அடுத்த ஸ்டாப்."